வாசலில் நிற்கவும் படிப்பு உண்டு!

"என்னது! சாராயக்கடை வாசல்ல நிக்கிற வேலையா? நம்ம வீட்டுப் பொண்ணா?"

திருச்சியிலிருந்து டெலிபோனில் என் மாமியார் போட்ட சத்தம், பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக் கொண்டிருந்த என் நாத்தனார் காதிலும் விழுந்தது. அவள் தலை நிமிரவில்லை. நானும் அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. உண்மையைச் சொல்லி விடுகிறேனே, அன்றைக்கு என் அபிப்பிராயமும் மாமியாருடையதேதான்!

நாங்கள் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் குடியிருக்கிறோம். என் கணவரின் கடைசித் தங்கை கல்யாணமாகி இங்கே வந்து நாலு வருஷமாகிறது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். முதுகில் ஆபரேஷன் ஆகி மாதக் கணக்கில் படுத்து விட்டார். இரண்டரை வயதுக் குழந்தை வேறு. பகலெல்லாம் இருவரையும் கவனிக்க வேண்டும். வெள்ளி, சனி ராத்திரி மட்டும் போய் வரக்கூடிய உத்தியோகம் எது என்று விசாரித்து, அவள் பிடித்துக் கொண்டு வந்ததுதான் 'டோர் சூப்பர்வைசர்' வேலை.

மதுக்கூடம், நடன அரங்கு போன்ற இடங்களின் வாசலில் நின்று, யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று பார்க்கிறவர். உள்ளே தகராறு வராமல் கவனிக்கிறவர். நம் ஊரில் 'பவுன்சர்' என்கிறோமே, அதுதான். பவுன்சர் என்றதும் பனைமரம் மாதிரி ஓர் ஆள்தான் நம் கண்முன் வருவார். ஐந்தடி இரண்டங்குலம் உள்ள என் நாத்தனார் அங்கே என்ன செய்யப் போகிறாள்?

"அண்ணி, பெண்களைச் சோதனை போடப் பெண்தான் வேணும். ஆம்பிளை தொடக் கூடாது. அதுக்கே ஆள் கிடைக்காம தேடறாங்க" என்றாள். வாஸ்தவந்தான். இந்தத் தொழிலில் லைசென்ஸ் உள்ளவர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தானாம்.

முதலில் முதலுதவி

இஷ்டப்பட்டவர் எல்லாம் வாசலில் நின்றுவிட முடியாது. தனியார் பாதுகாப்புத் தொழிலுக்கென்று பிரிட்டனில் 2001ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி 2003ல் எஸ்.ஐ.ஏ. என்ற அமைப்பு ஏற்பட்டது. செக்யூரிட்டி இண்டஸ்ட்ரி அதாரிட்டி என்பது முழுப் பெயர். இதன் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலை செய்வது குற்றம். ஜெயிலுக்கே போக நேரலாம்.

லைசென்ஸ் வாங்க வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சி பெற்றுப் பரீட்சையில் தேற வேண்டும். பயிற்சியில் சேரும் முன்பே கையில் முதலுதவிச் சர்ட்டிபிகேட் இருக்க வேண்டும் என்பது 2021ல் வந்த விதி. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடிதடிக்குப் போகிறவளுக்கு முதல் பாடம் முதலுதவியா?

இங்கிலீஷ் பேச, படிக்க, எழுதத் தெரிகிறதா என்றும் சேரும்போதே பார்த்து விடுகிறார்கள். அதன் பிறகு ஆறு நாளுக்குக் குறையாத வகுப்பு.

இங்கே ஒரு சங்கதி. அவள் முதலில் விசாரித்த ஓரிடத்தில், "ஆறு நாள் எதற்கு? இரண்டு நாள் வந்து தலையைக் காட்டினால் போதும், சர்ட்டிபிகேட் வந்துவிடும்" என்றார்களாம். என் கணவர்கூட "நல்லதாப் போச்சு, நாலு நாள் மிச்சம்" என்றார். அவள் ஒப்புக் கொள்ளவில்லை. "அண்ணா, ஏதாவது ஒண்ணு நடந்தா அங்கே நிக்கப் போறது நான்தானே?" என்று கேட்டாள். வேறிடம் பார்த்து, ஆறு நாளும் ஒழுங்காகப் போய் வந்தாள். அந்த ஆறு நாளும் குழந்தை என்னிடம்.

வாயும் கண்ணும்தான் ஆயுதம்

பயிற்சியில் நாலு பகுதிகள். பாதுகாப்புத் தொழிலின் பொதுவான சட்டதிட்டங்கள் ஒன்று. வாசலில் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டாவது. சண்டை மூளாமல் பேசித் தணிப்பது மூன்றாவது. வேறு வழியே இல்லாதபோது ஒருவரைப் பத்திரமாகப் பிடிப்பது நாலாவது. பிடிப்பதைக் கடைசியில்தான் சொல்கிறேன், கவனியுங்கள்!

சாயங்காலம் தோசை வார்த்துக் கொண்டே அன்றைய பாடத்தை அவள் வாயால் கேட்பேன். குடித்துவிட்டு வந்து கத்துகிறவரிடம் நாமும் கத்தக் கூடாது. விரலை நீட்டிப் பேசக் கூடாது. உள்ளங்கை தெரியும்படி கையை வைத்துக் கொள்ள வேண்டும். கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். சிநேகிதர்கள் முன்னால் அவரை அவமானப்படுத்தாமல், மரியாதையோடு விலகிப் போக ஒரு வழி விட வேண்டும். கடைவீதியில் தரையில் புரண்டு அடம் பிடிக்கும் குழந்தையைச் சமாளித்த தாய்மார்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

பையைச் சோதிக்க வேண்டுமானால் உரியவரின் சம்மதம் வேண்டும். மறுத்தால், உள்ளே விடாமல் இருக்கலாம். பலவந்தம் செய்யக் கூடாது.

கண்ணுக்கு உறுத்தியதை உடனே மேலிடத்தில் சொல்லப் பழக வேண்டும் என்பதும் பாடம். 2017 மே 22ந் தேதி மான்செஸ்டர் நகரில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். எத்தனையோ பேர் பிள்ளைகளை அழைத்துப் போக வந்திருந்த பெற்றோர்! வெடிப்புக்கு முன்பே அந்த ஆளைப் பார்த்துச் சந்தேகம் எழுந்தும், தக்க நடவடிக்கை எடுக்கும் வாய்ப்புகள் நழுவிப் போயின என்று 2021ல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. அதில் மகன் மார்ட்டினைப் பறிகொடுத்த பிகென் மரே என்ற தாய், பொது இடங்களில் பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயமாக வேண்டும் என்று வருஷக் கணக்கில் போராடினார். 2025 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 'மார்ட்டின் சட்டம்' என்றே ஜனங்கள் அதைச் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது நாத்தனார் தன் குழந்தையை மடியில் இறுக்கிக் கொண்டாள்.

"மூச்சு முட்டுது" என்றால்...

நாலாவது பகுதியில் பிடிகளைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அதைவிட அதிக நேரம், பிடிக்கும்போது ஆள் செத்துப் போகாமல் இருப்பது எப்படி என்று சொல்கிறார்களாம்! ஒருவரைக் கவிழ்த்துப் போட்டு முதுகின்மேல் அமுக்கினால், மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். பருமனானவர், குடித்திருப்பவர், ஓடிக் களைத்தவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். "மூச்சு முட்டுது" என்று ஒருவர் சொன்னால், "பேச முடிகிறதே, நடிக்கிறான்" என்று நினைக்கவே கூடாது. உடனே பிடியைத் தளர்த்தி, உட்கார வைக்க வேண்டும் அல்லது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

நினைவில்லாமல் கிடப்பவரை மல்லாக்கப் போட்டுவிட்டு, "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று போகக் கூடாது. வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலை அடைத்துக் கொள்ளும். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, கூடவே இருக்க வேண்டும். இது வீட்டிலும் உதவும் பாடம் அல்லவா?

பரீட்சையும் செய்முறைச் சோதனையும் முடிந்து தேறினாள். பிறகு லைசென்ஸ் மனு. ஐந்து வருஷத்து விலாசங்கள், தபாலாபீஸில் அடையாளப் பத்திரங்கள், போலீஸ் ரிக்கார்டு விசாரணை எல்லாம் உண்டு. இவள் வந்து ஐந்து வருஷம் ஆகாததால் இந்தியாவிலிருந்தும் போலீஸ் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டியதாயிற்று. மனுக் கட்டணத்தை 2023ல் 184 பவுண்டு ஆக்கினார்கள். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. கையிருப்பில் இருந்த கடைசிப் பணம் அது. கடிதம் வரும்வரை அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கிடைத்தது! மூன்று வருஷத்துக்குச் செல்லும். வேலை நேரத்தில் அதை எல்லோரும் பார்க்கும்படி அணிந்திருக்க வேண்டும். அவள் கையில் பட்டையாகக் கட்டிக் கொள்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ராத்திரி பதினொன்று இருக்கும். வரிசையில் நின்ற ஒரு பெண் தள்ளாடினாள். இருபது வயதுதான் இருக்கும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில், முகத்தில் வெடுக்கென்ற கோபம். "குடிச்சிருக்கு, அனுப்பிடு" என்றாராம் கூட நின்றவர். அனுப்பியிருந்தால் அதில் விதிமீறல் ஒன்றுமில்லை.

ஆனால் நாத்தனார் கிட்டே போய்ப் பார்த்தாள். மது வாடை இல்லை. அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுக்கம். அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது தன் அம்மா, அதாவது என் மாமியார்! மாமியாருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. சர்க்கரை இறங்கும்போதெல்லாம் இதே வியர்வை, இதே எரிச்சல், இதே உளறல். அந்தப் பெண்ணின் மேல்கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சிறிய வில்லை ஒட்டியிருந்ததையும் பார்த்து விட்டாள்.

உட்கார வைத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் பெண் தெளிந்து, "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்டாளாம். பிறகு சிநேகிதிகள் வந்து பத்திரமாக அழைத்துப் போனார்கள்.

ராத்திரி நேரத்தில், தெருமுனையில், குடிகாரி என்று நினைத்து விரட்டியிருந்தால்? எனக்கும் பத்தொன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள், வெளியூரில் காலேஜ் படிக்கிறாள். விடியற்காலை காப்பி கலந்து நாத்தனார் கையில் கொடுத்தபோது, என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

இந்த வேலைக்குச் சிரமம் இல்லாமல் இல்லை. எட்டு மணி நேரம் நின்று பாதம் வீங்குகிறது. கெட்ட வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. பகல் தூக்கம் சரியாக வருவதில்லை. கனத்த திரை போட்டு அறையை இருட்டாக்கிக் கொடுத்திருக்கிறேன். போகும்போது பிளாஸ்கில் சூடாக ரசம். இரண்டு ராத்திரியும் குழந்தை என்னோடுதான் தூங்குகிறது.

சகோதரிகளே, நீங்கள் எல்லோரும் இந்த உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள்: நினைவிருந்து விழுங்க முடிந்தால் ஜூஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மறுநாள் திருச்சிக்குப் போன் போட்டு மாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஜூஸ் கொடுத்தது சரி. அப்புறமா ரெண்டு பிஸ்கட் கொடுத்தாளா? இல்லாட்டி மறுபடி இறங்கிடுமே!"

நாத்தனார் டெலிபோனை என் கையிலிருந்து வாங்கிக் கொண்டாள்.

"கொடுத்தேம்மா" என்றாள்.