கோப்பு வெளியே போன வழி

1985 ஜனவரி. டில்லியில் குளிர் கடுமையாக இருந்த நேரம். பொதுத் தேர்தலில் பெருவெற்றி பெற்ற ராஜீவ் காந்தி மீண்டும் பதவியேற்று மூன்று வாரங்கூட ஆகவில்லை. 18ம் தேதி அவர் பாராளுமன்றத்தில் எழுந்து, அரசாங்க இரகசியங்களை வெளியே கடத்திவந்த ஓர் உளவுக் கும்பல் பிடிபட்டிருப்பதாக அறிவித்தார். சபை திகைத்தது. காரணம், கைதானவர்கள் பணியாற்றிய இடங்கள்: பிரதமரின் செயலகம், ராஷ்டிரபதி பவன், பாதுகாப்பு அமைச்சகம்.

பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்த பி.சி. அலெக்சாந்தர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆயினும் அவரது அலுவலக உதவியாளர் கைதானவர்களில் ஒருவர். தார்மிகப் பொறுப்பேற்று அலெக்சாந்தர் ராஜினாமா செய்தார். பின்னர் 1988ல் தமிழ்நாட்டின் கவர்னராகச் சென்னைக்கு வந்தவர் இவரே. பிரெஞ்சுத் தூதரகத்தின் ராணுவப் பிரிவு அதிகாரி ஒருவரும் அந்த நாட்களிலேயே டில்லியை விட்டுப் புறப்பட்டார்.

வழக்கின் நடுநாயகமாகக் குறிப்பிடப்பட்டவர் குமார் நாராயண்; மும்பைத் தனியார் நிறுவனம் ஒன்றின் டில்லிப் பிரதிநிதி. கன்னாட் பிளேசுக்குப் பக்கத்தில், ஹெய்லி ரோட்டில் அலுவலகம். அங்கே துப்பாக்கியும் இல்லை, இரகசிய வானொலியும் இல்லை. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் இருந்தது; அது போதுமானதாயிருந்தது. கோப்பு அமைச்சகத்திலிருந்து பைக்குள் போகும், நகல் எடுக்கப்படும், திரும்பி வந்துவிடும். பதிவேட்டைப் புரட்டினால் எதுவும் காணாமற் போயிருக்காது. களவு போனதற்கு அடையாளமே இல்லாத களவு! இதற்குக் கிடைத்த கூலி சிறு தொகைகளும் மதுப் புட்டிகளும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

சுருக்கெழுத்து நோட்டு

இந்தச் செய்தி டில்லித் தமிழர் குடும்பங்களில் மற்றவர்களைவிட அதிகமாகப் பேசப்பட்டதில் வியப்பில்லை. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டைப்பிங், சுருக்கெழுத்து ஹையர் பாஸ் செய்துவிட்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து, லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குவார்ட்டர்ஸ் பெற்றவர்கள் எத்தனை பேர்! அமைச்சர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அதை முதலில் கேட்பவர் ஸ்டெனோ. இரகசியக் கடிதம் அடித்து முடித்ததும் கார்பன் தாளையும் கெட்டுப்போன பிரதிகளையும் சுருக்கெழுத்து நோட்டின் பக்கங்களையும் எரித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. பல்லாண்டுகள் அதை நாணயமாகச் செய்து, வீட்டில் மனைவியிடங்கூட வாய் திறக்காமல் ஓய்வு பெற்றவர்களே பெரும்பாலோர். ஒருசிலர் செய்த காரியத்தால் "பி.ஏ. என்றாலே சந்தேகம்" என்ற நிலை வந்தது அவர்களுக்குத்தான் வேதனை.

வழக்கு நடந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். டில்லி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2002 ஜூலையில்! பதினேழு ஆண்டுகள்! அதற்குள் குமார் நாராயண் 2000ல் காலமாகிவிட்டார். தண்டனை பெற்ற முன்னாள் ஊழியர்கள் பலர் அப்போது முதுமையை எட்டியிருந்தார்கள்.

வழக்குக்கு அடிப்படையான அரசாங்க இரகசியச் சட்டம் 1923ல் வெள்ளையர் இயற்றியது. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன், இதை ரத்து செய்துவிடலாம் என்று 2006ல் சிபாரிசு செய்தது. அரசு ஏற்கவில்லை. உண்மையில் காக்க வேண்டியது எது, குடிமக்களிடமிருந்து வெறுமனே மறைக்கப்படுவது எது என்று பிரிக்காத சட்டம், இரண்டையுமே சரியாகக் காப்பதில்லை. 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதில் ஓரளவு வழி திறந்தது. பொதுநலன் மேலோங்கினால் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது அதன் 8வது பிரிவு.

மறுநாள் வந்த வாக்குமூலம்

ஜெராக்சின் காலம் போய்க் கம்ப்யூட்டரின் காலம் வந்தபின், பெரியவர்கள் பேசும் விதம் எப்படி? 2019 அக்டோபர் 29ம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஓர் அறிக்கை வெளியாயிற்று. நிலையத்தின் கட்டுப்பாட்டு முறைகள் வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை. ஆகவே சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது அது. மறுநாளே அணுமின் கழகம் வேறு விதமாகப் பேசிற்று: தீங்கு நிரல் ஒன்று புகுந்தது உண்மைதான், செப்டம்பர் 4ம் தேதியே மத்திய கணினி அவசரக் குழு தெரிவித்திருந்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டில் இணைந்த ஒரு கம்ப்யூட்டர், அணு உலைப் பக்கம் அண்டவில்லை. இந்த விளக்கத்தை முதல் நாளே தந்திருந்தால் இடிந்தகரைக்காரர்கள் ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அடுத்த அடி டில்லியில். 2022 நவம்பர் 23ம் தேதி காலை, எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கே எதிரி எதையும் எடுத்துப்போக வேண்டியிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே தகவல்களைப் பூட்டிவிட்டான்! ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல். புறநோயாளிச் சீட்டு, இரத்தப் பரிசோதனை, அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் கையெழுத்துக்குத் திரும்பின. ஊரிலிருந்து பழைய ரிப்போர்ட்டை நம்பி வந்த நோயாளிகள் வரிசையில் நின்றார்கள்.

அரசு அலுவலகமோ தனியார் நிறுவனமோ, இப்படித் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு அதே ஆண்டு ஏப்ரலிலேயே பிறந்திருந்தது. அது தெரிவிப்பதற்கான விதி, தடுப்பதற்கானது அல்ல. வலைப்பின்னலைத் தனித்தனிப் பகுதிகளாகச் சரிவரப் பிரித்து வைக்காததே காரணம் என்று அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் 2023 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். வீட்டில் வாசற்கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போட்டு, உள் அறைகளைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

பாதிக்கப்படாத ஒரு சர்வரில் தகவல்களின் பிரதி இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். சுமார் இரண்டு வாரங்களுக்குப் பிறகு பதிவுக் கவுண்டர்கள் மறுபடியும் கம்ப்யூட்டரில் சீட்டு அடிக்கத் தொடங்கின.