ஊசிக்குழலில் மருத்துவச் சாயம்: சிக்கனமும் பாதுகாப்பும்

நோயை அறிவதற்கும் அறுவை மருத்துவத்திற்குத் துணையாகவும் உடலினுள் செலுத்தப்படும் சாயங்கள் பல. விழித்திரையின் இரத்த நாளங்களைப் படமெடுக்க ஃபுளோரெசின், உறுப்புகளின் இரத்த ஓட்டத்தைக் காண இண்டோசயனின் கிரீன், கண்புரை அறுவையில் விழிவில்லையின் உறைக்கு நிறமேற்ற டிரிப்பான் நீலம் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இண்டோசயனின் கிரீன் பெரும்பாலும் 25 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. பல அறுவைகளுக்கு 5 மில்லிகிராமே போதுமானது. எஞ்சியதைச் சிரிஞ்சு எனப்படும் ஊசிக்குழல்களில் நிரப்பி மறுநாள் பயன்படுத்தலாகாதா? நிதி குறைந்த மருத்துவமனைகளில் இக்கேள்வி எழுவது இயல்பே.

இரு வேறு கேள்விகள்

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, சாயம் தன் வேதித் தன்மையை இழக்காதிருக்குமா என்பது. இண்டோசயனின் கிரீன் நீரில் கரைந்தபின் சிதையத் தொடங்குகிறது. ஒளி பட்டால் சிதைவு விரைவுறும். எனவேதான் கரைத்த 6 மணி நேரத்திற்குள் அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. டிரிப்பான் நீலமோ, ஊசிக்குழலில் நிரப்பப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருவதுண்டு.

இரண்டாவது, கிருமியின்மை பற்றியது. சாயம் நிலைத்திருப்பதனாலேயே அது தூயது ஆகிவிடாது. கிருமியின்மைச் சோதனைக்கு மாதிரியை 14 நாள்கள் வளர்சூழலில் வைத்துக் காண வேண்டும். நோயாளியின் படுக்கையருகே இது இயலாது. கரைசல் கலங்கியிருப்பதையும் சாயத்தின் நிறமே மறைத்துவிடும். முன்னாளில் ஃபுளோரெசின் சொட்டு மருந்தில் சூடோமோனாஸ் கிருமி வளர்ந்து கண்களைக் கெடுத்தது. அதனாலேயே 1951-இல் கிமுரா என்ற கண் மருத்துவர் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையைப் பரிந்துரைத்தார்.

தொழிற்சாலையில் நிரப்பிய ஊசிக்குழலும் நோயாளிக் கூடத்தில் நிரப்பியதும் தோற்றத்தில் ஒன்றாகலாம். முன்னதற்குத் தூய அறையும், முத்திரையும், தொகுதிவாரிச் சோதனையும் உண்டு; பின்னதற்கு இவை எவையும் இல்லை.

சிக்கனத்திற்கு வழி

சிக்கனம் கைவிடத்தக்கதன்று, அதன் இடம்தான் மாற வேண்டும். ஒரே சாயம் தேவைப்படும் நோயாளிகளை ஒரே நாளில் வரவழைத்து, மருந்தகத்தின் தூய காற்றோட்ட மேடையில் பயிற்சி பெற்றவர் பிரித்து நிரப்பலாம். ஒவ்வோர் ஊசிக்குழலிலும் சாயத்தின் பெயர், செறிவு, நிரப்பிய நேரம், காலாவதி நேரம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். சிறு அளவுக் குப்பிகள் கிடைக்குமாயின் கொள்முதலில் அவற்றிற்கே முன்னுரிமை தரலாம்.

குப்பியில் எஞ்சிய சாயத்தின் விலை கணக்கேட்டில் பதிவாகும். தொற்றினால் இழந்த கண்ணின் விலையோ எக்கணக்கிலும் பதிவாவதில்லை. எது உண்மையான செலவு என்பதைக் கொள்முதல் அதிகாரிகள் சிந்தித்தல் வேண்டும்.