பிரிந்த பின்: கையில் கொடுத்த பணம்

தொடர் – 9

மனு போட்டாயிற்று, வாய்தாவுக்கு அலைந்தாயிற்று, உத்தரவும் வந்துவிட்டது. பிள்ளையின் பராமரிப்புக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இனி நிம்மதி என்றுதான் தோன்றும். ஆனால் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் கேட்கிற சண்டைகளில் பாதி, உத்தரவுக்குப் பிறகு வருபவைதான். "மாசாமாசம் கையில கொடுத்தேன்" என்பார் தந்தை. "மூணு மாசம்தான் வந்துச்சு" என்பார் தாய். இருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

அதனால் கையில் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். பிள்ளையைப் பார்க்க வரும் நாளில், பிள்ளையின் கண்முன்னே சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டுவது எனக்குப் பிடிக்காத காட்சியும்கூட. தாயின் வங்கிக் கணக்கில் ஒரே தேதியில் போடுங்கள். ஜிபேயில் அனுப்பினால் 'ஜூன் மாதப் பராமரிப்பு' என்று குறிப்பு எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இருக்காதீர்கள். போன் மாறினால் அது போய்விடும். பாஸ்புக்கில் பதிவு போட்டு வையுங்கள். ரொக்கம்தான் வழி என்றால் ஒரு நோட்டு போதும்: தேதி, தொகை, எந்த மாதத்துக்கு, வாங்கியவர் கையெழுத்து.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. பராமரிப்புத் தொகைக்கான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாகியிருக்கிறது. எண் மாறினாலும் ஒரு கெடு மாறவில்லை. ஒரு மாதத் தொகை பாக்கி விழுந்தால், அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். தவறினால் அந்தத் தொகைக்கு இந்தப் பிரிவில் வாரண்ட் கிடையாது. "அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்" என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கிறவர்கள் இழப்பது இப்படித்தான். கெடுவுக்குள் போனால், பணம் கட்டாதவருக்குச் சிறைத் தண்டனை வரைக்கும் வழி இருக்கிறது. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

பள்ளிக்கூடச் செலவுதான் அடுத்த தகராறு. "பீஸ் கட்டினேன், சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், அதைக் கழிச்சுக்கோ" என்பார் தந்தை. சைக்கிள் அன்பளிப்பு, அரிசிக்கும் மருந்துக்கும் அது ஆகாது. பீஸ் மாதத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதை உத்தரவிலோ, சமரச மனுவிலோ முன்பே எழுதி வாங்குங்கள். தொகை கேட்கும்போதும் ஒரு சாதாரண மாதத்தைக் கணக்கு வைக்காதீர்கள். பிள்ளை உள்ள வீட்டில் ஜூன் மாதம் ஒன்றே மூன்று மாதத்தைத் தின்றுவிடும். ஆண்டுச் செலவு முழுவதையும் எழுதிப் பன்னிரண்டால் வகுங்கள். 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சொன்னது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை தர வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

தந்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை போய்விட்டால் தொகை தானாகக் குறையாது. குறைத்துக் கேட்டு மனு போடுங்கள். சும்மா நிறுத்தினால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஒழுங்காகக் கட்டியவருக்கும் பாஸ்புக்தான் சாட்சி.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் வைத்திருப்பவர்களால், அதை வைத்து நேரடியாக வாரண்ட் வாங்க முடியாது. அதில் "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று தாய் கையெழுத்திட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அது பிள்ளையின் உரிமை. விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் அதிகாரம் இல்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம், எண் 15100. பத்து, பதினோரு மாதப் பாக்கி இருக்கிறவர்கள் இந்த வாரமே அழையுங்கள்.

(தொடரும்)