பாலம் சொல்லித் தந்த கணக்கு

நான் திருச்சியில் ஆசிரியராக இருந்தபோது செய்த ஒரு தவறையும், அதைத் திருத்திய ஒரு கணக்கையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் வகுப்பில் இரண்டு மாணவர்கள். ஒருவன் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவான், மற்றவன் திருவானைக்காவலிலிருந்து. வெவ்வேறு பேருந்து. ஆனால் ஒருவன் தாமதமாக வந்தால் பெரும்பாலும் அன்று மற்றவனும் தாமதம்! "இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள்" என்று முடிவு கட்டி, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். "இல்லை சார்" என்று அவர்கள் சொன்னது என் காதில் ஏறவில்லை.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. அந்த இரண்டு பேருந்துகளும் 1976-ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் திருச்சிக்குள் வரவேண்டும். பாலத்தில் நெரிசல் என்றால்? இதை நான் யோசிக்கவே இல்லை!

பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து, நெரிசல் நாட்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். விளக்கத்துக்காக எளிய எண்களில் சொல்கிறேன். நீங்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 125 நாட்கள். அதில் 25 நாள் நெரிசல். 100 நாள் நெரிசல் இல்லை.

நெரிசல் நாட்களில் ஒவ்வொருவனும் 20 நாள் தாமதம்; இருவரும் சேர்ந்து தாமதம் 16 நாள்.

நெரிசல் இல்லாத நாட்களில் ஒவ்வொருவனும் 10 நாள் தாமதம். இருவரும் சேர்ந்து தாமதம் 1 நாள்.

மொத்தமாகக் கூட்டினால், ஒவ்வொருவனும் 30 நாள் தாமதம். இருவருக்கும் தொடர்பே இல்லையென்றால், சேர்ந்து தாமதமாவது ஏறக்குறைய 7 நாள்தான் இருக்கவேண்டும் (30 × 30 ÷ 125). ஆனால் 17 நாள் வருகிறது! என் சந்தேகம் இங்கேதான் பிறந்தது.

இப்போது பிரித்துப் பாருங்கள். நெரிசல் நாளில் முதல் மாணவன் தாமதமான 20 நாட்களில் இரண்டாமவன் 16 நாள் தாமதம். அதாவது ஐந்தில் நான்கு. முதல் மாணவன் நேரத்துக்கு வந்த 5 நாட்களில் இரண்டாமவன் 4 நாள் தாமதம். அதுவும் ஐந்தில் நான்கு! நெரிசல் இல்லாத நாட்களில் எப்படிப் பார்த்தாலும் பத்தில் ஒன்று. பாலத்தின் நிலை தெரிந்துவிட்டால், ஒருவனை வைத்து மற்றவனைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல முடியாது. இதற்குப் பெயர்தான் 'நிபந்தனைக்குட்பட்ட சார்பின்மை'. பிரிட்டனைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் பிலிப் டேவிட், 1979-ல் இதைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

வெறும் 'சார்பின்மை' வேறு. ஒருவர் மலைக்கோட்டையிலும் இன்னொருவர் அம்மா மண்டபத்திலும் நாணயம் சுண்டினால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் யாராவது வந்து, "இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன" என்று சொல்லிவிட்டால்? ஒன்று பூ என்றால் மற்றதும் பூ! சம்பந்தமில்லாத இரண்டுக்கும் இப்போது தொடர்பு வந்துவிட்டது. ஆகவே ஒரு செய்தி தொடர்பை நீக்கவும் செய்யும்; உண்டாக்கவும் செய்யும்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்த இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்று சிரித்தார்கள்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடந்தால், உடனே யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு பாலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!