வரிசையில் நிற்கும் வியாபாரம்

ஒரு ரோலர் கோஸ்டர் ரயிலில் 24 பேர் உட்காரலாம், நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,440 பேர். அதுவே 75 விநாடிக்கு ஒருமுறை கிளம்பினால் 1,152 பேர்தான். யாரோ ஒருவர் தோள்பையை எங்கே வைப்பதென்று தடுமாறினார், இன்னொருவர் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். போனது 15 விநாடி. ஒவ்வொரு ரயிலிலும் இப்படியே நடந்தால் பத்து மணி நேரத்தில் 2,880 பேருக்கான இடம் கைவிட்டுப் போய்விடும். அதைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை விற்கவும் முடியாது.

தீம் பார்க் நடத்துகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதற்காகத்தான். நம் கண்ணில் படுவது உயரமும் வேகமும் வாணவேடிக்கையும். அவர்கள் சரக்கு இருப்பாகக் கணக்கு வைத்திருப்பது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பதை.

ஏறும் மேடையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இது புரியும். ஒரே தடத்தில் இரண்டு மூன்று ரயில்கள் ஓடுவதால் தடத்தைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னே போனது வெளியேறும்வரை பின்னே வருவதை பிரேக் தானாகவே நிறுத்திவிடும். ஆகவே மேடையில் நிற்கும் ரயில் தாமதித்தால், சுற்றி முடித்து வருகிற ரயிலும் மேடைக்கு வெளியே காத்துக்கிடக்க வேண்டியதுதான். உள்ளே இருப்பவர்கள் இறங்கவும் முடியாமல் பட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் தனிக் கதவு, பை வைக்க எதிர்ப்பக்கத்தில் அலமாரி, இருபுறமும் நடந்தபடியே கம்பியை இழுத்துப் பார்க்கும் ஊழியர்கள் எல்லாம் அந்த 15 விநாடியை மீட்பதற்காகத்தான். பாதுகாப்புச் சோதனையில் கைவைக்க முடியாது. அதனால் மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

வரிசைகளைப் பற்றி ஓர் எளிய கணித விதி உண்டு. அதற்கு 1961இல் நிரூபணம் தந்தவர் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர். வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் ஏற்றிச் செல்லப்படுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும். 1,500 பேர் நிற்கிறார்கள் என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; தாமதிக்கும் ரயிலுக்கு 78 நிமிடம்.

இந்தக் கணக்கு சவாரிகளின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1967இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரி முதலில் நடந்துபோய்ப் பார்க்கும் மெழுகுச் சிலைக் காட்சியாகத்தான் திட்டமிடப்பட்டது. நடக்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிஸ்னியின் படகுச் சவாரி ஒன்று கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு, இங்கும் படகு வந்தது. 1969இல் திறந்த பேய் மாளிகை இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அங்கே வண்டிகள் சங்கிலிபோல் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதே வேகத்தில் நகரும் பட்டைமேல் நடந்துபோய் ஏறிக்கொள்ள வேண்டும். பேயைவிட எனக்கு இந்தப் பட்டைதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

எத்தனை பேருக்காகப் பூங்காவைக் கட்டுவது? வால்ட் டிஸ்னிக்கு 1953இல் இடம் தேடிக்கொடுத்த ஹாரிசன் பிரைஸ் பரப்பிய அணுகுமுறையைத்தான் இன்றும் இத்துறையில் பின்பற்றுகிறார்கள். ஆண்டின் உச்சக் கூட்டத்துக்குக் கட்டினால் மற்ற நாட்களில் முதலீடு தூங்கும். சராசரி நாளுக்குக் கட்டினால் விடுமுறையில் மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே, நெரிசலான ஆனால் சமாளிக்கக்கூடிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, கழிவறையிலிருந்து வாகன நிறுத்தம்வரை அதற்கேற்ப அளவெடுக்கிறார்கள். ஆக, சில நாட்களில் நெரிசல் இருக்கும் என்பது கட்டும்போதே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

அந்தக் கூட்டத்தைப் பங்கிடுவது எப்படி என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. 1955இல் டிஸ்னிலேண்டு திறந்தபோது நுழைவுக் கட்டணம் வேறு, சவாரிக் கட்டணம் வேறு. சில மாதங்களில் கூப்பன் புத்தகம் வந்தது. 1959இல் ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகை ஆயிற்று. புதிய, பரபரப்பான சவாரிகளுக்கு 'இ' கூப்பன். புத்தகத்தில் அது சிலவே இருக்கும். கையில் மிஞ்சிய 'ஏ' கூப்பனை வீணாக்க மனமில்லாதவர்கள் குதிரை வண்டியில் ஏறிப் போனார்கள். அதட்டாமல் கூட்டத்தைப் பிரித்துவிட்ட அருமையான ஏற்பாடு அது.

1982இல் கூப்பன் ஒழிந்து, ஒரே சீட்டில் எல்லாம் என்றானது. அதன் பிறகு ஒவ்வொரு சவாரிக்கும் பார்வையாளர் கொடுத்த விலை தன் நேரம். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. குறித்த நேரத்தில் வந்தால் போதும், அதுவரை வேறெங்காவது சுற்றலாம். திருப்பதியில் நேரம் குறித்த தரிசனச் சீட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபாஸ்ட்பாஸ் இலவசம்தான். ஆனால் வரிசையை விட்டு வெளியே வந்தவர் சும்மா இருப்பாரா? கடைக்குப் போவார், சாப்பிடுவார், அல்லது இன்னொரு சவாரியின் வரிசையில் போய் நிற்பார். ஒரே ஆள் இரண்டு வரிசையில்! மணிக்கு 1,440 என்ற எண் மட்டும் அசையவில்லை.

2021இல் அந்த இலவசமும் போய்விட்டது. விரைவு வரிசை கட்டணச் சேவையாயிற்று. அதிகம் விரும்பப்படும் சில சவாரிகளுக்குத் தனியாகவே பணம் கட்ட வேண்டும். மறுபடியும் 'இ' கூப்பன் என்றுதான் நான் சொல்வேன். ஒரு வித்தியாசம்: அன்று கூப்பன் இருந்த எல்லோருக்கும் ஒரே வரிசை.

இன்று இரண்டு வரிசைகளும் சேரும் முனையில் ஓர் ஊழியர் நிற்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் என்று பார்த்து விடுவது அவர் வேலை. 1,440 இடங்களில் 1,000 விரைவு வரிசைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது 440. அங்கே 440 பேர் நின்றாலே ஒரு மணி நேரம் ஆகிவிடும். வரிசை சின்னதாகத்தானே இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள், ஏன் நகரவில்லை என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.