கடல் இல்லாத ஊரில் கமகம மீன் குழம்பு... சங்கரன்கோவில் வீடுகளின் ஞாயிறு கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டதும் கையில் பாத்திரத்தோடு வாசலுக்கு வருகிறார்கள் பெண்கள். மொபெட்டின் பின்சீட்டில் தெர்மகோல் பெட்டி. "அண்ணாச்சி, சாளை இருக்கா?" என்று ஒரு குரல். "சாளை முடிஞ்சிட்டு தாயி, ஊளி நல்லா இருக்கு" என்று பதில். தென்மாவட்டத்தின் எந்தச் சிற்றூரிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது.

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசு நினைவுக்கு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்கு ஆட்டுக்கறி பிரியாணி நினைவுக்கு வரும். மீன் யாருக்கும் நினைவுக்கு வராது. வரவும் நியாயமில்லை. தென்காசி மாவட்டத்தின் கரிசல் பக்கம் இருக்கும் இந்த ஊருக்கு அருகில் இருக்கும் பெரிய மீன்பிடித் துறைமுகமே தூத்துக்குடிதான். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மேற்கே செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி கொல்லம் கடற்கரைக்குப் போவதென்றால் இன்னும் தூரம். ஆனாலும் ஞாயிறு மதியம் தெருவில் நடந்தால் புளியும் தேங்காயும் சேர்ந்து கொதிக்கும் அந்த வாசனை மூக்கைத் துளைக்கிறது.

இந்த 100 கிலோமீட்டரில்தான் குழம்பின் தலையெழுத்தே இருக்கிறது!

தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. இரவில் ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு வண்டி ஏறும் மீன், விடியும்போது உள்ளூர்களுக்கு வந்து சேர்கிறது. அதாவது, வலையில் சிக்கியது முதல் உங்கள் சட்டியில் விழுவது வரை ஒரு முழு நாள்கூட ஆகியிருக்கலாம். அந்த நேரம் முழுக்க மீன் ஐஸிலேயே இருந்ததா, வழியில் எங்காவது ஐஸ் கரைந்து வெயிலில் கிடந்ததா என்பதுதான் கேள்வி.

"நல்லா கொதிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா? மீன் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உருவான பிறகு எவ்வளவு கொதித்தாலும், பொரித்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, வாந்தி வரலாம். பலர் இதை 'மீன் அலர்ஜி' என்றே நினைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க மீனையே ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் குற்றவாளி, கரைந்துபோன ஐஸாக இருக்கலாம். மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஐஸுக்குப் பதில் வேதிப்பொருள் என்ற குறுக்குவழியும் இருக்கிறது. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர், ஃபார்மலின் கலந்த 9,000 கிலோவுக்கும் அதிகமான மீனைப் பிடித்தது இதே ஆரியங்காவு சோதனைச் சாவடியில்தான். சங்கரன்கோவில்காரர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி. அதே ஆண்டு கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ஃபார்மலினையும் அம்மோனியாவையும் காகிதப் பட்டையிலேயே கண்டுபிடிக்கும் எளிய கிட்டை அறிமுகப்படுத்தியது. எல்லா வீட்டிலும் அது இருக்காது. கண்ணையும் விரலையும்தான் நம்ப வேண்டும். மீனின் கண் தெளிவாக, வெளியே துருத்தியபடி இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு தெரிய வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். 'ஈ மொய்த்தால் நல்ல மீன்' என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் நல்ல மீனிலும் ஈ மொய்க்காது!

காலண்டரும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாள்களாக இருந்தது, 2017-ல் 61 ஆனது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும் ஜூன் முதல் இரண்டு வாரம், நாட்டுப்படகு மீன்தான் கதி. விலை ஏறும். பழைய மீன் புதுசு என்று வருவதற்கும் வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு வாரத்தில் கூடுதல் கவனம் நல்லது. தடை முடிந்து கிழக்குக் கடல் மீன் வரத் தொடங்கினால், ஆடித்தபசு வந்து 'அசைவம் வேண்டாம்' என்று பல வீடுகளில் சட்டியைக் கவிழ்த்துவிடுகிறது.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடலாம். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள். குமரிப் பக்கம் போனால் நெய்மீன். ஆனால் சென்னையில் 'ஷீலா' என்று கேட்டால், இங்கே ஊளி என்று சொல்லும் மீனை எடுத்துக் கொடுப்பார்கள். யூடியூப் பார்த்துச் சமைக்கும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏமாறுவது இங்கேதான்.

சரி, குழம்புக்கு வருவோம். அரை கிலோ மீனுக்கு அரை மூடி தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், பத்து சின்ன வெங்காயம் சேர்த்து மைய அரைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, அதில் இரண்டு டேபிள்ஸ்பூன் மல்லித்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு போட்டுக் கலக்குங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயம், கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் தாளித்து, புளிக்கரைசலைக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போனதும் தேங்காய் விழுதும் நாலு துண்டு மாங்காயும். மாங்காய் போட்டால் புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து கொதித்த பிறகுதான் மீன். ஆறேழு நிமிடம் போதும். கரண்டி போடக் கூடாது. துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாகச் சுழற்றினால் துண்டு உடையாது. அதுவரை கழுவிய மீன் அடுப்படி மேடையில் காத்திருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மசாலா அரைக்க ஆகும் முக்கால் மணி நேரம், கோடை வெயிலில் சாளைக்கு ரொம்ப அதிகம்.

நடுத்துண்டு அப்பாவுக்கு, பொரித்தது பிள்ளைகளுக்கு, சட்டியில் மிஞ்சும் தலையும் வாலும் சமைத்தவருக்கு என்ற பங்கீடு இன்னும் பல வீடுகளில் மாறவில்லை. தலைதான் ருசி என்று சமாதானம் வேறு!

நம்பகமான மீன் கிடைக்காத நாளில்? அதற்கும் இந்த ஊரிடம் பதில் இருக்கிறது. கருவாடு! குடல் நீக்கி, உப்பு போட்டு, வெயிலில் காய வைத்து ஈரத்தை எடுத்துவிட்டால், ஐஸ் இல்லாமலே எத்தனை கிலோமீட்டரும் போகும். ஐஸ் பெட்டி வருவதற்கு முன்பு கரிசல் காட்டு வீடுகளுக்குக் கடல் அறிமுகமானது கருவாடாகத்தான். வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து, மண் போக நாலு தண்ணீர் அலசி, கத்திரிக்காயும் மொச்சையும் சேர்த்துக் குழம்பு வைத்தால், கம்பங்கஞ்சிக்கு அதற்கு மேல் ஒரு ஜோடி கிடையாது. குழம்புக்கு உப்பை மட்டும் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குக் கருவாடு அளவோடுதான். பூஞ்சை பிடித்திருந்தாலோ தொட்டால் பிசுபிசுத்தாலோ வாங்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பினால், தண்ணீர் வற்றும் மாதங்களில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் உண்டு. மண் வாசனை போகக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவ வேண்டும். கெண்டையில் முள் அதிகம் என்பதால், குழந்தைகளுக்கு ஊட்டும்போது விரலால் பிசைந்து பார்த்தே ஊட்ட வேண்டும்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது ஊரறிந்த ரகசியம். இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் அதுபோல எதுவும் சேராது. ஆனால் சங்கரன்கோவிலில் ஒரு சிக்கல். மறுநாள் திங்கள்கிழமை, கோமதி அம்மனுக்கு உகந்த நாள் என்று பல வீடுகளில் அசைவம் தொட மாட்டார்கள். அதனால் ஞாயிறு ராத்திரியே சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஆளுக்கு ஓர் உருண்டையாகத் தீர்த்துவிடுகிறார்கள். கடைசி உருண்டை யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை!