வெட்பாலைத் தைலத்துக்கு ஒரு பரீட்சை

எனக்குச் சொரியாசிஸ் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கையில் தடித்த சிவப்புப் படை, அதன் மேல் உதிரும் வெள்ளைச் செதில். தொற்றாது என்று எத்தனை தரம் சொன்னாலும் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்துதான் உட்காருவார். என் கையைப் பார்த்தவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றே: வெட்பாலைத் தைலம்.

வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். 777 எண்ணெய் என்று கடையில் கிடைப்பதற்கும் இதே இலைதான் மூலம். “எனக்குப் போயிடுச்சு டீச்சர், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்கிறார் எதிர்வீட்டு அக்கா. பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அது போதவில்லை.

இந்த நோயின் குணம் அப்படி. தானாக அடங்கும், தானாகக் கிளம்பும். பலருக்கு வெயிலில் தணியும், குளிரில் ஏறும். காய்ந்த தோலில் வெறும் தேங்காய் எண்ணெயைத் தடவினாலே செதில் படியும். அக்காவுக்குக் குணமானது இலையாலா, எண்ணெயாலா, பருவத்தாலா? அவர் கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தைவானில் லின் யின்-கூ என்ற மருத்துவரின் குழு 42 நோயாளிகளிடம் செய்த சோதனை 2008இல் வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்டது சிங்டாய் என்ற சீன மருந்து. சாயச்செடி இலைகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடி. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கப் படையில் பொடி கலந்த களிம்பு. மறுபக்கத்தில் பொடியில்லாத வெறும் களிம்பு. ஆள், சாப்பாடு, கவலை, பருவம் எல்லாம் ஒன்று; பொடி மட்டுமே வித்தியாசம். 12 வாரத்தில் 31 பேருக்கு மருந்து பட்ட படை முழுதாகவோ ஏறக்குறையவோ மறைந்தது. நீலம் தோலில் ஒட்டும் என்பதால் நோயாளியிடம் எது மருந்து என்று மறைக்க முடியாது. அதனால் படையைப் பார்த்து மதிப்பிடுகிறவருக்குத் தெரியாமல் வைத்தார்கள். சிவப்பு, தடிப்பு, செதில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது இத்துறையின் வழக்கம்.

இதில் நமக்கென்ன? சிங்டாயில் இருக்கும் இண்டிருபின், டிரிப்டான்திரின் என்ற இரண்டு பொருளும் வெட்பாலை இலையிலும் உண்டு. செடிகள் வேறு குடும்பம், சரக்கு ஒன்று. நம்பிக்கை வைக்க இது காரணம்தான்; ஆனால் தைலம் தேறிவிட்டது என்று சொல்ல இது போதாது. எந்த மாதத்து இலை, எத்தனை நாள் வெயில் என்பதைப் பொறுத்துக் குப்பிக்குக் குப்பி அந்தச் சரக்கின் அளவு மாறும். ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு குப்பியிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது.

இரண்டாவது, வேறு எதுவும் கலக்கவில்லை என்று பார்ப்பது. லண்டனில் தோல் நோய்க்குச் சீன மூலிகைக் களிம்பு என்று கொடுக்கப்பட்ட 11 களிம்புகளைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ‘மூன்றே நாளில் குணம்’ என்ற விளம்பரத்தைக் கண்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

மூன்றாவது, இடது கை வலது கைச் சோதனை. ஒன்றில் இலை ஊறிய எண்ணெய், மற்றதில் அதே போல வெயிலில் வைத்த வெறும் எண்ணெய். மதிப்பிடும் மருத்துவர் பார்க்க வருவதற்கு முன்பே கறையைத் துடைத்துவிட வேண்டும்.

அதுவரை நான் தோல் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தப்போவதில்லை. தைலம் தடவுவதை அவரிடம் மறைக்கப்போவதும் இல்லை. பரீட்சையில் தேறினால், இன்ன அளவு, இத்தனை வாரம் என்று அரசு மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். தேறாவிட்டால், குப்பிக்குக் கொடுக்கும் காசாவது நோயாளிக்கு மிஞ்சும்.